மச்சான் ஊரும் அத்தை ஊரும்

உங்க டிபார்ட்மென்ட்லயும் 'செமினார்'னு ஒரு சடங்கு இருக்கும். பாதிப் பேர் தூங்க, மீதிப் பேர் போனைத் தட்ட, ஒருத்தன் மட்டும் முன்னாடி நின்னு திரையைப் பார்த்து வாசிச்சுக்கிட்டு இருப்பான். இந்த செமஸ்டர்ல அந்த ஒருத்தன் நான்தான். பொருளாதாரம், மூணாம் வருஷம். 'மழைக்காடு உள்ள இரண்டு நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிடுக' என்று சார் தலைப்பு கொடுத்ததும், முன்வரிசை அறிவாளிகள் பிரேசில், காங்கோ என்று துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டார்கள். கடைசி பெஞ்சில் இருந்த எனக்கு மிச்சம் இருந்தது மலேசியா, இலங்கை.

அதுவும் நல்லதாப் போச்சு. மழைக்காடுன்னா அவங்களுக்கு டிஸ்கவரி சேனல். எனக்கு ரெண்டு சொந்தக்காரங்க வீடு!

கொஞ்சம் குடும்பக் கதை சொல்லணும், பொறுத்துக்கோங்க. எங்க அப்பாயியோட அப்பாவுக்கு ஊரு துறையூர் பக்கம். 1930-களில் பஞ்சம் தாங்காம அண்ணன், தம்பி ரெண்டு பேரும் கங்காணி பின்னாடி கிளம்பினாங்க. அண்ணன் திருச்சியில போட் மெயில் ஏறி, மண்டபம் முகாம்ல ஊசி போட்டுக்கிட்டு, தலைமன்னார் வழியா அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். தம்பி நாகப்பட்டினத்துல 'ரஜுலா' கப்பல் ஏறி பினாங்கு. அப்புறம் ரப்பர் தோட்டம். ஒரே வீட்டுல பொறந்தவங்க. ஒருத்தர் வாசல்ல குளிர், இன்னொருத்தர் வாசல்ல புழுக்கம். ரெண்டு இடத்துலயும் அட்டைக்கடி மட்டும் பொது.

அப்பாயி தோட்டத்துல பொறந்தது 1948. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைச்ச வருஷம். அதே வருஷம் வந்த குடியுரிமைச் சட்டத்துல தோட்டத் தமிழர்கள் லட்சக்கணக்கான பேர் எந்த நாட்டுக்காரங்களும் இல்லாம ஆகிட்டாங்க. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் அங்கேயே, மீதிப் பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்னு கையெழுத்துப் போட்டாங்க. தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அப்பாயியோட தங்கச்சி வீட்டுக்காரர் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு பாரத்துல ஒரு வரி. அக்காவும் தங்கச்சியும் வேற வேற நாடு.

1974-ல் மூணு வயசு எங்கப்பாவை இடுப்புல வச்சுக்கிட்டு 'ராமானுஜம்' கப்பல்ல அப்பாயி ராமேஸ்வரம் வந்து இறங்கினாங்க. மறுபடியும் மண்டபம் முகாம். அப்பன் போன அதே வாசல் வழியா மகள் திரும்பி வந்தாச்சு. எங்கெங்கோ சுத்தி, கடைசியில முடிச்சூர்ல ஒரு சின்ன மளிகைக் கடை. அதான் எங்க வீடு.

தம்பி வழியில வந்த பேரன் இப்ப இங்க ஒரு கல்லூரியில பிசியோதெரபி படிக்கிறான். கிள்ளான்ல இருந்து வந்தவன். நாம எல்லாரையும் 'மச்சி'ங்கறோம். இவன் எனக்கு முறைப்படியே மச்சான்! சேலையூர்ல ரூம். வந்த முதல் வாரம் ஜிஎஸ்டி ரோட்டைப் பார்த்துட்டு, "பச்சையே இல்லையேடா இங்க"ன்னு அழாத குறை. கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போய் அந்த 365 ஏக்கர் மரத்தைக் காட்டினேன். "நல்லா இருக்கு, ஆனா காய்ஞ்ச காடு"ன்னான். தாம்பரத்துல இதுக்கு மேல என்னால முடியாது, சாமி.

சரி, செமினாருக்கு வர்றேன்.

முதல்ல வழக்கம் போல அட்டவணை போட்டேன். தனிநபர் வருமானம் 2023 கணக்குப்படி மலேசியாவுல 11 ஆயிரம் டாலருக்கு மேல. இலங்கையில 4 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழ. கிட்டத்தட்ட மூணு மடங்கு. காடு? மலேசியாவுல பாதி நிலத்துக்கு மேல இன்னும் காடு. தாமான் நெகாரா தேசியப் பூங்கா மட்டுமே 4,300 சதுர கிலோமீட்டர். இலங்கையோட பெருமையான சிங்கராஜ வனம், 1988-ல் யுனெஸ்கோ பட்டியல்ல ஏறினது, 90 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. மலேசியா கோல் மேல கோல். அஞ்சு நிமிஷத்துல செமினார் முடிஞ்சது, கேன்டீன் போகலாம்னு நினைச்சேன்.

அப்புறம்தான் ஆயுட்காலம்னு ஒரு வரி வந்தது. ரெண்டு நாட்டுலயும் 76, 77 வயசுதான்! மூணு மடங்கு காசு வச்சிருக்கிறவன் ஒரு வருஷம்கூட கூடுதலா வாழலையா? தப்பா டைப் பண்ணிட்டேன்னு ரெண்டு தடவை சரிபார்த்தேன். தப்பில்லை. இலங்கையில ஆஸ்பத்திரி இலவசம். 1945-லயே கன்னங்கரா கொண்டு வந்த இலவசக் கல்வி, பல்கலைக்கழகம் வரைக்கும். ஏழை நாடாவே இருந்துக்கிட்டு அதை விடாம பண்ணினாங்க.

ஆனா இந்த சராசரின்னு ஒண்ணு இருக்கே, அது பெரிய ஃப்ராடு. அந்த 1945 கல்வி மலையகத் தோட்டத்துக்குள்ள வரவே 1970-கள் ஆச்சு. அதுவரைக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடம்னா ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார். அப்பாயி படிச்சது மூணாவது. தங்கச்சி மகள், அதாவது எங்க அத்தை, தோட்டத்துப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கிட்ட காலத்துல படிச்சவங்க. இப்ப டீச்சர். அத்தை மகன் பேராதனை பல்கலைக்கழகத்துல படிச்சு முடிச்சான், ஃபீஸ் இல்லாம. இந்தப் பக்கம் என் மச்சான், பணக்கார நாட்டுக்காரன், அங்க அரசாங்கக் கல்லூரியில சீட் கிடைக்காம, அவங்கப்பா கடன் வாங்கி இங்க அனுப்பியிருக்கார். அவங்கப்பாவுக்குத் துறைமுகத்துல கன்டெய்னர் லாரி ஓட்டுற வேலை.

ஒரு ஞாயித்துக்கிழமை மச்சான் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். வாசல்ல நின்னே, "பசியாறியாச்சா பாட்டி?"ன்னான். அப்பாயிக்கு முதல்ல புரியல. புரிஞ்சதும் சிரிப்பு. மீன் குழம்பு ஊத்திக்கிட்டே, "ஏன் ராசா, உங்க தாத்தாவுக்குப் பெரட்டு எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டாங்க. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. அவன் டக்குனு, "விடியக்காலை அஞ்சு மணிக்கு பாட்டி, கிராணி பேர் வாசிப்பாராம்"ங்கறான். ரெண்டு பேரும் ஆரம்பிச்சுட்டாங்க. பெரட்டு, கிராணி, கங்காணி, தொரை, லயம்... ரெண்டு கடல் தாண்டி, ரெண்டு காட்டுக்குள்ள, ஒரே சொற்கள்! காலையில ஆளுங்களை வரிசையா நிக்க வச்சுக் கணக்கெடுக்கிறதுக்குப் பேரு பெரட்டாம். இருபது வருஷமா இதே வீட்டுல இருக்கேன், ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.

அப்பாயி 'அரைப் பேரு' பத்திச் சொன்னாங்க. சொன்ன கிலோவுக்குக் கொழுந்து பறிக்கலைன்னா அன்னிக்கு அரை நாள் சம்பளம்தான். நாள் முழுக்க மலையில நின்னிருப்பீங்க, ஆனா பேரு பாதி.

மச்சான் சொன்னது வேற மாதிரி. அவன் தாத்தா தோட்டத்துல முதல்ல ரப்பர், அப்புறம் செம்பனை. அதாங்க, பாமாயில் மரம். அப்புறம் தோட்டத்தையே வித்துட்டாங்க. வேலை போனதும் வீடும் போச்சு, ஏன்னா வீடு தோட்டத்தோடது. கோயில், பள்ளிக்கூடம், ஆயாக் கொட்டகை எல்லாம் ஒரே வருஷத்துல இல்லை. இப்ப அந்த இடத்துல மாடி வீடுகளா நிக்குதாம். "எங்க தாத்தா பால் மரம் சீவின இடத்துல ஒரு வீடு வாங்க எங்கப்பாவுக்கு இருபது வருஷச் சம்பளம் வேணும்லா"ன்னான். மலேசியாவோட நிர்வாகத் தலைநகர் புத்ரஜாயாவை நெட்டுல பாருங்க, ஏரியும் பாலமுமா கண்ணைப் பறிக்கும். அதுவும் பிராங் பெசார் தோட்டமும் பக்கத்துத் தோட்டங்களும் இருந்த மண்ணுதான். அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களை டெங்கில்ல அடுக்குமாடிக்கு அனுப்பினாங்க. தரையோட ஒரு வீடு கேட்டு அவங்க பல வருஷம் போராட வேண்டியிருந்தது.

ஆக, பணக்கார நாட்டுல தோட்டம் போச்சு, கூடவே லயமும் போச்சு. ஏழை நாட்டுல தோட்டமும் இருக்கு, லயமும் இருக்கு. வெள்ளைக்காரன் கட்டின வரிசை வீட்டுல இன்னிக்கும் மலையகத்துல குடும்பங்கள் இருக்கு, வீட்டுக்குப் பத்திரம் கிடையாது. இதை அட்டவணையில எந்தக் கட்டத்துல போடுறது, சொல்லுங்க?

மலேசியாவைக் குறை சொல்லியே போறேன்னு மச்சான் முறைச்சான். நியாயம்தான். 2025-லிருந்து அங்க குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். 500-க்கும் மேல தமிழ்ப் பள்ளிகள் நடக்குது. தோட்டங்களைத் துண்டு போட்டு வித்த காலத்துல, 1960-ல் வீ.தி. சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளிகள்கிட்ட சிறுகச் சிறுகக் காசு சேர்த்து அந்தத் தோட்டங்களையே வாங்கினார். நம்ம புத்தகத்துல 'வளர்ச்சி'ன்னு வர்ற பாடத்துல இதெல்லாம் இல்லவே இல்லை.

2022-ஐ மறக்க முடியாது. அத்தையோட வாய்ஸ் மெசேஜ் தினமும் வரும். முந்தின வருஷம் ரசாயன உரத்துக்கு ஒரேயடியாத் தடை போட்டாங்க. உரம் இல்லாம கொழுந்து குறைஞ்சது. கொழுந்து குறைஞ்சா அரைப் பேரு. அதே நேரம் டாலர் 200 ரூபாயிலிருந்து 360-க்கு ஏறிப் போச்சு. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய்னு போராடி வாங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த ஆயிரம் ஒரு பால்மா பாக்கெட்டுக்குச் சரியாப் போச்சுன்னாங்க அத்தை. மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் கட். சின்ன அப்பாயிக்குச் சுகர் மாத்திரை கிடைக்கல. மலேசியா மாமா 500 ரிங்கிட் போட்டார். எங்கப்பா மேற்கு தாம்பரத்துல மாத்திரை வாங்கி, கொழும்பு போற ஒரு ஆள் கையில கொடுக்க மீனம்பாக்கத்துக்கு ஓடினார். இலவச ஆஸ்பத்திரி இருந்து என்ன, மாத்திரை இல்லையே! அந்த மே மாசம் தமிழ்நாடு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பல்ல அனுப்பினதை டிவியில காட்டினாங்க. அப்பாயி பேசாம பார்த்துக்கிட்டே இருந்துட்டு, "எழுபத்துநாலுல பசியோட அங்கிருந்து வந்தோம். இப்ப அரிசி இங்கிருந்து போகுது"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க. 1973, 74-ல் தோட்டத்துல மாவு கிடைக்காம சனங்க செத்தது அப்புறம் நான் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

செமினார்ல அட்டவணையைக் காட்டினேன். அப்புறம் பெரட்டு, அரைப் பேரு எல்லாம் சொன்னேன். நடுவுல ஒரு துணுக்கும்: 1876-ல் பிரேசில்லேர்ந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன ரப்பர் விதைதான் முளைச்சு முதல்ல இலங்கைக்கும், அடுத்த வருஷம் சிங்கப்பூருக்கும் போச்சு, அங்கிருந்து மலாயா. ரப்பர் கன்னுகிட்ட யாரும் பாஸ்போர்ட் கேக்கலைன்னேன். ரெண்டு பேர் முழிச்சுக்கிட்டாங்க. கடைசியில சார், "அப்போ எந்த நாடு முன்னேறின நாடு?"ன்னார். "யாரோட தாத்தாவுக்கு சார்?"னு வாயில வந்துடுச்சு. வகுப்பே சிரிச்சது. இருபதுக்குப் பதினாலு. 'முடிவுரை இல்லை' என்று சிவப்பு மையில எழுதியிருந்தார்.

பாஸ்போர்ட் கதை இப்ப நிஜமாவே ஓடுது. அந்த ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கப்புறம் அட்டனுக்கு வீடியோ கால் போட்டோம். அம்பது வருஷத்துல ரெண்டே தடவை நேர்ல பார்த்த அக்காவும் தங்கச்சியும், போன்ல முகத்தைப் பக்கத்துல பக்கத்துல கொண்டு வந்து, நெத்தி மட்டும் தெரிய, அரை மணி நேரம் பேசினாங்க. வச்சதும் அப்பாயி, "ஒரு தடவை போயிட்டு வந்துடுறேன்டா"ன்னாங்க. 77 வயசு. பாஸ்போர்ட்டுக்கு ஓடினோம். பிறந்த இடம்: அட்டன், இலங்கை. எப்படி இந்தியர் ஆனீங்க, சான்று? கண்டியில கொடுத்த பழைய பாஸ்போர்ட்டும் மண்டபத்துல கொடுத்த குடும்ப அட்டையும் ஒரு தகரப் பெட்டியில இருந்தது. 2015 டிசம்பர்ல முடிச்சூர்ல தண்ணி கழுத்தளவு வந்தப்போ என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு அப்பா மொட்டை மாடிக்கு ஏறினார். பெட்டி கீழேயே இருந்துடுச்சு. பாஸ்போர்ட்ல இப்ப போட்டோ மட்டும் ஒரு கறையாத் தெரியுது. கைக்குழந்தையா அப்பா இருக்கிற இடம் வெள்ளையா இருக்கு.

அப்பாவும் நானும் ஒவ்வொரு ஆபீஸா ஏறி இறங்குறோம். மண்டபம் முகாம்ல பழைய பதிவேடு இருந்தா நகல் வாங்கலாம்னு ஒருத்தர் சொன்னார். 2025 ஏப்ரல்ல புது பாம்பன் பாலம் திறந்தப்போ, தாம்பரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் புதுசா ஒரு ரயில் விட்டாங்க. சாயங்காலம் நம்ம ஸ்டேஷன்ல ஏறினா விடியக்காலையில மண்டபம் பக்கம். அடுத்த வெள்ளிக்கு ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன், எனக்கும் மச்சானுக்கும். அப்பாயி தானும் வர்றேங்கறாங்க. மூணாவது டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கு.