வாயிலில் ஒரு வணக்கம்

கொள்ளேகாலத்திலிருந்து அனூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் கௌதள்ளி என்னும் ஊர் உள்ளது. முன்பு மைசூரு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1997-ஆம் ஆண்டு சாமராசநகர் மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைந்தது. மலையைக் கடந்தால் தமிழ்நாடு. ஆதலின் அவ்வூர்க் கடைத்தெருவில் ஒருவர் கன்னடத்தில் விலை கேட்பார். மற்றவர் தமிழில் விடை கூறுவார். வணிகம் தடையின்றி நடைபெறும்.

அவ்வூரிலிருந்து வந்த மாணவி ஒருத்தி என் தமிழ் வகுப்பில் பயின்றாள். தமிழைத் தங்குதடையின்றிப் பேசுவாள். எழுதச் சொன்னால் தலைகுனிவாள். ஒருநாள் அவள், “ஐயா, தமிழ் வீட்டில் பேசுவதற்குத்தானே? கணினியில் அதற்கு இடம் ஏது?” என்று கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையென்று நம்பியே கேட்டாள். அதுவே என்னை வருத்தியது.

தமிழுக்குக் கணினியில் இடம் உண்டு. முற்காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. ஒரு கணினியில் எழுதிய மடல் மற்றொன்றில் பொருளற்ற கோடுகளாகத் தோன்றும். அக்குறையைப் போக்க வந்தது ஒருங்குறி. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அவ்வட்டவணையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கும் ஒரே தெருவின் வீடுகளைப்போல் அடுத்தடுத்து அமைந்துள்ளன; ஒவ்வொன்றுக்கும் 128 இடங்கள்.

இவற்றையெல்லாம் சொல்லால் விளக்குவதினும் கண்ணால் காட்டுவதே நன்று எனக் கருதினேன். எங்கள் ஆய்வகக் கணினிகளில் லினக்ஸ் இயங்குதளம் இருந்தது. மாணவர் அனைவரும் ‘மாணவர்’ என்னும் ஒரே பயனர் கணக்கின் வழியே நுழைவர். மாலையில் நான் அமைப்புகளைத் திறந்து, மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்தேன். பின்புலப் படத்தில் ‘வணக்கம்’ என்று பெரிதாகப் பொறித்தேன். வெளியேறி மீண்டும் கடவுச்சொல் இட்டு நுழைந்தபோது, திரை முழுவதும் தமிழ்! எல்லாக் கணினிகளிலும் அவ்வாறே செய்துவிட்டு, மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை ஆய்வகத்தில் ஒரே குழப்பம். தமிழ் அறியாத பிள்ளைகள் கோப்பைச் சேமிக்கும் வழி அறியாது திகைத்தனர். ஒரு சிறுவன், தான் ஏதோ கெடுத்துவிட்டதாக அஞ்சி அழுதே விட்டான். அவன் கண்ணீரைக் கண்டதும் என் தவறு விளங்கிற்று. தமிழுக்கு இடமில்லை என்ற எண்ணத்தை அகற்றப் புறப்பட்ட நானே, பிறர் மொழிக்கு இடமில்லாமல் செய்துவிட்டேன்.

கணினி ஆசிரியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “பொது வாசலில் நம் விருப்பத்தை எழுதக்கூடாது, ஐயா. ஆளுக்கொரு கணக்கு அமைப்போம்” என்றார். கணினியில் இருவகை அமைப்புகள் உண்டு என்பதையும் விளக்கினார். நுழைவோர் அனைவரும் காணும் முகப்பை நிருவாகியே மாற்ற இயலும். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் எல்லாருக்கும் தோன்றும் ‘அன்றையச் செய்தி’ அத்தகையது. ஆனால் ஒவ்வொரு பயனருக்கும் தனி அடைவு உண்டு. நாம் விரும்பும் மொழி, படம், நுழைந்தவுடன் தானே திறக்கவேண்டிய கோப்பு ஆகியவை அதில் பதிவாகும். அவற்றை மாற்றினால் அடுத்தவர் திரை மாறாது.

அவ்வாறே கணக்குகள் அமைந்தன. ஒரே கணினி காலையில் ஒருவருக்குக் கன்னடத்திலும், அடுத்த வகுப்பில் மற்றொருவருக்கு இந்தியிலும், அதன்பின் எங்களுக்குத் தமிழிலும் முகம் காட்டியது. கௌதள்ளிக் கடைத்தெருவே ஆய்வகத்திற்குள் வந்ததுபோல் இருந்தது.

பின்னர் தமிழ்99 விசைப்பலகையைக் கற்பித்தேன். 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்க்குரியவை பெரும்பாலும் வலப்புறமும் இருக்கும். அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகளை அழுத்தினால் ‘அம்மா’ தோன்றும். புள்ளியைக் கணினியே இட்டுக்கொள்ளும். அம்மாணவி, தான் நுழைந்தவுடன் ஒரு வாழ்த்துக் கோப்பு திறக்குமாறு அமைத்தாள். அதில் என்ன எழுதினாள் என்பதை எனக்குக் காட்டவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பியவள், ஓடோடி வந்து நடந்ததைக் கூறினாள். கௌதள்ளியில், மாமாவின் ஒப்புதலோடு அவருடைய மடிக்கணினியில் தனக்கென ஒரு கணக்கு அமைத்து, அதே வாழ்த்தை எழுதிப் பாட்டியிடம் காட்டினாளாம். சிறுவயதில் மேட்டூர்ப் பக்கம் திண்ணையில் எழுத்துக் கற்ற பாட்டி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்து, “வனக்கம், பாட்டி” என்று எழுத்தெழுத்தாகப் படித்தாராம். பிறகு, “ஒரு சுழி குறையுதே கண்ணு! வணக்கத்துக்கு மூணு சுழி வேணும்” என்றாராம்.

“பாட்டிக்குப் படிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது, ஐயா” என்றாள் அவள்.

அன்று முதல் எழுதச் சொன்னால் அவள் தலைகுனிவதில்லை. ஐயம் வந்தால் ஊருக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறாள். அவள் திரையில் இப்போது மூன்று சுழியோடு வணக்கம் விளங்குகிறது.

அருஞ்சொற்பொருள்
அடைவு – கோப்புகளை வைக்கும் இடம்
நிருவாகி – மேற்பார்வையிட்டு நடத்துபவர்
ஒப்புதல் – இசைவு

பயிற்சி
1. ஆசிரியர் செய்த தவறு யாது? அதனை அவர் எவ்வாறு உணர்ந்தார்?
2. பொருள் வேறுபாடு எழுதுக: பனி – பணி, மனம் – மணம், ஆனி – ஆணி.
3. உன் கணினி திறந்தவுடன் தோன்றவேண்டிய வாழ்த்தை இரண்டு வரிகளில் எழுதி, வீட்டிலுள்ள மூத்தோர் ஒருவரிடம் படித்துக்காட்டுக. அவர் கூறிய திருத்தத்தையும் குறித்துவருக.