கணவாய் கற்பித்த பாடம்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வஞ்சிரத்துக்கும் வவ்வாலுக்கும் உள்ள மதிப்பே தனி. கூடையில் வழுவழுவென்று கிடக்கும் கணவாயை, நம் பகுதியில் கடம்பா என்பார்கள். அந்தக் கடம்பாவுக்கும் எங்கள் இயற்பியல் கூடத்துக்கும் உறவு உண்டு என்றால் நம்புவீர்களா, தோழியரே?

ஆசிலோஸ்கோப் திரையிலே வளைந்து வளைந்து ஏறி இறங்குவது சைன் அலை. மதில்சுவரின் பற்களைப் போல் நிமிர்ந்து நிற்பது சதுர அலை. வரிசையாக அடித்த கூடாரங்களைப் போன்றது முக்கோண அலை. ஓர் அலையை மற்றோர் அலையாக மாற்றும் மின்சுற்றுகளை நாங்கள் அமைத்துப் பார்த்தோம்.

சைன் அலையைச் சதுர அலையாக்குவது எளிது போலத் தோன்றும். அலை 0 வோல்ட்டுக்கு மேலே போனால் +5 வோல்ட்டும், கீழே வந்தால் −5 வோல்ட்டும் தருமாறு சுற்றை அமைத்தால் போதுமே! ஆனால் அலையோடு சிறிது இரைச்சலும் கலந்தே வரும். எல்லைக்கோட்டின் அருகே அலை நடுங்கும்போது, வெளியீடும் மேலும் கீழுமாகப் படபடக்கும்.

இதற்குத் தீர்வு கண்டவர் ஓட்டோ ஷ்மிட் என்னும் அமெரிக்கர். 1934ஆம் ஆண்டு அவர் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். கணவாயின் நரம்பிலே துடிப்பு எவ்வாறு செல்கிறது என்று ஆராய்ந்ததன் பயனாகவே இச்சுற்று அவருக்குக் கிட்டியது. நரம்பு சிறு தூண்டலைப் பொருட்படுத்தாது. தூண்டல் ஓர் அளவைத் தாண்டினால் முழுத் துடிப்பையும் எழுப்பிவிடும். அரைகுறை என்பதே அதனிடம் இல்லை. ஷ்மிட் தம் சுற்றுக்கு ஓர் எல்லைக்குப் பதில் இரண்டு எல்லைகளை வைத்தார். +1 வோல்ட்டைத் தாண்டினால்தான் வெளியீடு மேலே போகும். −1 வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான் இறங்கும். இடையிலே எத்தனை நடுக்கம் வந்தாலும் எடுத்த முடிவு மாறாது. 1938இல் அவர் இதை வெளியிட்டார். அன்று வால்வுகளால் ஆன அச்சுற்று, இன்று சின்னஞ்சிறு சில்லுக்குள் அடங்கிவிட்டது. அதன் பெயர் ஷ்மிட் டிரிகர்.

கிடைத்த சதுர அலையை முக்கோணமாக்க, 741 என்னும் பெருக்கிச் சில்லோடு 10 கிலோ ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் வேண்டும். சதுர அலை நிலையாக நிற்கும் நேரத்தில் மின்தேக்கிக்குள் ஒரே சீராக மின்னோட்டம் பாயும். குழாயடிக் குடத்தில் நீர்மட்டம் உயர்வது போல மின்னழுத்தமும் சீராக மாறும். விநாடிக்கு 500 அலைகள் என்றால், ஒவ்வோர் அரை அலைக்கும் 1 மில்லி விநாடி. அதற்குள் வெளியீடு 5 வோல்ட் நகர்ந்துவிடும். சதுர அலை திசை மாறியதும் இதுவும் திரும்பிவிடும். திரையிலே சாய்கோடுகள் தோன்றும்!

கணவாயின் புகழ் இத்துடன் முடியவில்லை. அதன் பருத்த நரம்பிழையைக் கொண்டு நரம்புத் துடிப்பின் இரகசியத்தை விளக்கிய ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1963இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

“கடல் தொழில் செய்யும் வீட்டுப் பெண்ணுக்கு எலக்ட்ரானிக்ஸ் எதற்கு?” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்பான பெற்றோரே, படைத்தவர் கணவாயினுள் வைத்த நுட்பத்தை ஒரு மாணவர் ஊன்றிக் கவனித்தார். உலகுக்கு ஒரு மின்சுற்று கிடைத்தது. அதே கணவாயை நாள்தோறும் கையிலெடுத்துச் சுத்தம் செய்பவர்கள் நம் அன்னையர். அவர்களின் மகள்களுக்கு இப்பாடம் அந்நியமாகுமா? எங்களைப் படிக்க வையுங்கள்.