உடல் சொல்லும் சேதி

ஆலங்குளத்தைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் சிமெண்ட் ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போனவர்கள் போக, பட்டாளத்துக்கும் சி.ஆர்.பி.க்கும் போனவர்களும் உண்டு. அவர்கள் விடுமுறையில் வந்தால் தெருவே கலகலக்கும். கதை கேட்க நாங்கள் திண்ணையில் கூடிவிடுவோம்.

அப்படி வந்த அண்ணன் ஒருவர், சாப்பிட அழைத்தால் "பசிக்கவில்லை" என்று சொல்வதில்லை. "பசிக்கிறதா என்றே தெரியவில்லை" என்பார். அவருடைய அம்மாவுக்கு அதுவே பெருங்கவலை. அந்தத் தாயின் கவலை வீணன்று என்பதை இந்த ஆண்டு படித்தறிந்தோம்.

பசி, தாகம், தூக்கம், வலி எதையும் பொருட்படுத்தாமல் நிற்கப் பழக்குவதுதானே படைப் பயிற்சி! பனிமலையில் காவல் நிற்பவருக்கு அது வேண்டியதே. ஆனால் உடல் சொல்வதைப் பல்லாண்டுகள் கேளாதிருந்தவருக்கு, தம் களைப்பும் துயரமும் எல்லை மீறுவதுகூடத் தெரியாமற் போகலாம். உடலோடுள்ள அந்த உறவு அறும்போது உயிர்மேல் உள்ள பற்றும் தளரக்கூடும் என்கின்றனர் உளவியலார்.

2012 முதல் 2021 வரையான பத்தாண்டுகளில் மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் 1,205 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர் என்று 2022இல் உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. குடும்பச் சிக்கல், நோய், பணக்கஷ்டம் ஆகியவை காரணங்களுள் சிலவாம். துப்பாக்கிக்கு அஞ்சாதவர்கள் ஊரிலிருந்து வந்த ஒரு கடிதத்தில் கலங்கிப்போவதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

அமெரிக்காவில் ஏப்ரல் ஸ்மித் என்னும் உளவியல் பேராசிரியரும் அவர் குழுவினரும் 'ரைஸ்' என்றொரு பயிற்சியை வகுத்துள்ளனர். உடலின் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்த வேண்டும். உண்ணும்போது பசியையும் வயிறு நிறைவதையும் கவனிக்க வேண்டும். உடல் எப்படித் தோன்றுகிறது என்று பாராமல், நமக்காக என்னவெல்லாம் செய்கிறது என்று எண்ணி மதிக்க வேண்டும். படைவீரர்களிடம் இதைச் சோதித்தார்கள். பின்னர் இந்தியாவில் பல்கலைக்கழக மாணவர்களிடமும் சோதித்தார்கள். சிறிய, முதற்கட்ட ஆய்வுகள்தாம். ஆகவே இதைச் சர்வரோக நிவாரணி என்று நாங்கள் பறைசாற்றப் போவதில்லை. மருத்துவரும், விடுப்பும், பேச ஒரு துணையும் வீரருக்கு என்றும் வேண்டும்.

மாணவர்க்கும் உரியது என்றதும் எங்களுக்கு ஆவல் பிறந்தது. ஒரு மாலை விளையாட்டு ஆசிரியை எங்களை மண்டபத் தரையில் படுக்கவைத்து, பாதத்திலிருந்து ஆரம்பித்தார். தோள்வரை வந்தபோதுதான், நாள் முழுதும் தோள்களைக் காதருகே தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறோம் என்பது விளங்கிற்று! (ஒருத்தி முழங்காலைத் தாண்டுமுன்பே குறட்டை விட்டாள்.) "இன்று உங்கள் கால்கள் உங்களுக்கு என்ன செய்தன?" என்று ஆசிரியை கேட்டார். கண்ணாடி முன் நின்று முகப்பருக்களை மட்டும் எண்ணும் எங்களுக்கு அது புதிய கேள்வி. மூன்று கிலோமீட்டர் நடந்து வரும் தோழியே முதலில் வாய் திறந்தாள்.

மனம் சோர்ந்தவர் யாரும் தமிழிலேயே பேசுவதற்கு 'டெலி மானஸ்' என்னும் இலவசத் தொலைபேசிச் சேவை 2022 முதல் உள்ளது. எண் 14416. படையினருக்கெனத் தனிப்பிரிவு ஒன்று 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. அந்த எண்ணை எங்கள் வகுப்புக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறோம். பலகை துடைக்கும் முறை யாருடையதாயினும் அதை மட்டும் அழிப்பதில்லை.