பிலிகுண்டுலுவில் காவேரியின் கணக்கு

ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் ஸ்நானம் செய்வார்கள், பரிசல் ஏறுவார்கள், திரும்பிவிடுவார்கள். சில மைல் மேலே உள்ள பிலிகுண்டுலுவை அநேகமாக ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. நாம் போனோம். அங்கே என்ன விசேஷம் என்று கேட்டால் பதில் சொல்வது சற்றுக் கஷ்டந்தான். இருபுறமும் காடு, நடுவே காவேரி. இக்கரை தமிழ்நாடு, அக்கரை கர்நாடகம். கரையில் மத்திய நீர்வள ஆணையத்தின் நீர் அளவை நிலையம். அவ்வளவே. ஆயினும் இங்கே எழுதப்படும் எண்ணை வைத்துக்கொண்டுதான் இரண்டு ராஜ்யங்களும் டில்லியில் வாதாடுகின்றன.

நதியை எப்படி அளப்பது? மரக்காலில் அளக்க முடியுமா? ஆற்றின் அகலத்தைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழம் பார்க்கிறார்கள். பிறகு ஒரு கருவியை ஜலத்தில் இறக்குகிறார்கள். ஓட்டத்துக்குத் தக்கபடி அதன் சக்கரம் சுழலும்; சுழற்சியை எண்ணினால் வேகம் தெரியும். அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கிக் கூட்டினால் வினாடிக்கு இத்தனை கன அடி என்று வந்துவிடும். எட்டாம் வகுப்புப் பையன் போடக்கூடிய கணக்குத்தான்! வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி.

இந்த எளிய கணக்கின்மேல் எத்தனை பெரிய வழக்கு! 1892-லும் 1924-லும் சென்னையும் மைசூரும் செய்த ஒப்பந்தங்கள்; 1990-ல் நடுவர் மன்றம். நதியின் மொத்த ஜலம் 740 டி.எம்.சி. என்று அது 2007-ல் முடிவு கட்டி, பிலிகுண்டுலுவுக்கு ஆண்டுதோறும் 192 வரவேண்டும் என்றது. 2018-ல் சுப்ரீம் கோர்ட் அதை 177.25 ஆக்கிற்று. பெங்களூரின் தாகம் ஒரு காரணம். தமிழ்நாட்டுக் காவேரிப் பாசனப் பகுதியில் 10 டி.எம்.சி. நிலத்தடி ஜலம் உண்டு என்பது மற்றொன்று. நமக்கு இது இனிக்கவில்லை. ஆனால் விஞ்ஞானத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டு, நமக்கு அநுகூலமாக மட்டும் பேசு என்று சொல்லலாமா? கடலோரத்துக் கிணறு உப்புக் கரிக்கிறதென்றால், அதையும் அளந்து காட்டுவதே தக்க பதில். 2016 செப்டம்பரில் பெங்களூரில் பஸ்கள் எரிந்தன. அதனால் எந்தக் கரைக்கும் ஒரு சொட்டு ஜலம் கூடவில்லை.

மழை பொய்த்த வருஷத்தில் குறையையும் விகிதப்படி பகிர்ந்துகொள்ளவேண்டும் என்பது தீர்ப்பு. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் மேட்டூர் மதகு திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தென்மேற்குப் பருவமழை முடிவதோ செப்டம்பரில். குறை எவ்வளவு என்று தெரிவதற்குள் தஞ்சைக் குறுவை அறுவடைக்கு வந்திருக்கும். அல்லது காய்ந்து போயிருக்கும்.