ஐந்நூறு செஷன் எங்கே போனது?

ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டில் தக்காளி இறக்கும் சம்சாரியும் அதைக் கேரளாவுக்கு ஏற்றிப்போகும் வியாபாரியும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதே இல்லை. நடுவில் கமிஷன் கடை இருக்கிறது. கணினியில் மெசேஜ் புரோக்கர் செய்வதும் இதே தரகுதான்: ஒரு நிரல் செய்தியை இறக்கிவிட்டுப் போகும், இன்னொன்று தனக்குத் தோதான நேரத்தில் எடுத்துக்கொள்ளும். ஜாவாவில் எழுதப்பட்ட அப்பாச்சி ஆக்டிவ்எம்கியூ இந்த வகையில் பலகாலமாகப் புழங்குவது. அதனுடன் பேச முதலில் ஒரு கனெக்‌ஷன் வேண்டும். டிசிபி இணைப்பு, கடவுச்சொல் சரிபார்ப்பு என்று அதற்குச் செலவு அதிகம். அதற்குள் திறக்கும் செஷன் இலேசானது, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான், அதாவது நிரலின் ஓர் ஓட்டம்தான், அதைக் கையாளலாம் என்பது ஜாவா நிரல்கள் செய்தி பரிமாறப் பின்பற்றும் ஜேஎம்எஸ் தரத்தின் விதி. ஆகவே கனெக்‌ஷனைத் திறந்து வைத்துப் பகிர்ந்துகொள்வதும் செஷனை எடுத்து உபயோகித்துத் திருப்பித் தருவதும் வழக்கம். எத்தனை செஷன் வரை என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

ஆக்டிவ்எம்கியூவின் கனெக்‌ஷன் பூல், அதாவது இப்படிப் பகிரும் பொதுக் கையிருப்பு, தானாக வைத்திருக்கும் எண்கள்: கனெக்‌ஷன் 1, அதில் செஷன் 500. இந்த ஐந்நூறு தீர்ந்தால் பெரும்பாலோர் செய்வது அதை ஆயிரமாக்குவது. அது தவறான மருந்து என்பது என் கட்சி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜாவா வலை நிரல்களை ஓட்டும் டாம்கேட் சர்வர், மாற்றாமல் விட்டால், அதிகபட்சம் 200 த்ரெட்களில் கோரிக்கைகளைக் கவனிக்கும். ஒரு த்ரெட் ஒரு நேரத்தில் ஒரு செஷனை எடுத்தால் 200க்கு மேல் தேவையே வராது. அப்படியிருந்தும் 500 தீர்ந்துவிட்டதென்றால், எடுத்த செஷனை யாரோ மூடவில்லை. பிழை நேர்ந்த பாதையில் மூடும் வரி ஓடாமல் போயிருக்கும். எண்ணை ஏற்றினால் இந்தக் கசிவு நிற்காது, தெரியவரும் நாள்தான் தள்ளிப்போகும். நியாயமாகவே ஒரு வேலைக்கு இரண்டு மூன்று செஷன் பிடிக்கும் நிரல்களும் உண்டு. அவற்றுக்கு எண் பெரிதாகட்டும், ஆனால் த்ரெட் கணக்கிலிருந்து வந்த எண்ணாக இருக்கட்டும்.

கேஷ் செய்வதில், அதாவது திறந்ததை மூடாமல் கையிருப்பில் வைப்பதில், இன்னொரு குழப்பம். ஜாவா நிரலாக்கச் சட்டகமான ஸ்பிரிங்கின் கேஷிங் கனெக்‌ஷன் ஃபேக்டரியில் செஷன் கேஷ் அளவு, யாரும் மாற்றாதவரை, 1. இதை உச்சவரம்பு என்று படிப்பவர்கள் நிறைய. அது கையிருப்பின் அளவு மட்டுமே. கூடுதலாகக் கேட்டால் கூடுதலாகத் திறக்கும், திரும்பி வந்தபின் மிகுதியை மூடிவிடும். போதாததற்கு அந்த அளவு நான்கு ஒப்புகை முறைகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி என்பதால், 10 என்று எழுதினால் நாற்பது வரை கையிருப்பில் நிற்கலாம். கொழும்பில் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் ஜாவா மென்பொருளில் எதுவரை கேஷில் வைப்பது என்பதைத் தெளிவாகவே கேட்கிறார்கள்: ஒன்றும் வேண்டாமா, கனெக்‌ஷன் வரையா, செஷன் வரையா, செய்தியை எடுக்கும் கன்ஸ்யூமர் வரையா என்று அமைப்பிலேயே சொல்லிவிடலாம். கடைசிப் படிதான் வில்லங்கம். ஆக்டிவ்எம்கியூ ஒரு வரிசையின் கன்ஸ்யூமருக்கு ஆயிரம் செய்திகள் வரை முன்கூட்டியே அனுப்பிவைக்கும். வேலையில்லாத கன்ஸ்யூமரைக் கேஷில் வைத்தால் அவை அதன் பேரில் முடங்கும். ஆயிரம் பெட்டியைத் தன் பேரில் எழுதிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்ட வியாபாரியின் கதை. ஆக்டிவ்எம்கியூவின் பூல் கன்ஸ்யூமரைச் சேர்த்து வைக்காததற்கு இதுவே காரணம்.

வரம்பைச் சிறிதாக வைத்தால் அவசர நேரத்தில் நிரல் உறைந்துவிடுமே என்பார்கள். அந்த ஆட்சேபம் சரிதான். பூல் நிரம்பியதும் காத்திரு, அதுவும் முடிவின்றிக் காத்திரு என்பதே அதன் இயல்பான அமைப்பு. பதிவேட்டில் ஒரு வரியும் விழாது, பயனருக்குத் திரை சுற்றிக்கொண்டேயிருக்கும். ஆனால் இந்தக் குற்றத்தை வரம்பின் தலையில் போடக் கூடாது, காலக்கெடு வைக்காததுதான் குற்றம். காத்திருக்கும் நேரம் மில்லிவினாடியில் எழுதப்படுகிறது. அங்கே ஐயாயிரம் என்று வைத்தால் ஐந்து வினாடியில் பிழை எழும். செஷன் கிடைக்காமல் நின்ற த்ரெட் எது, நிரலின் எந்த வரியில் நின்றது என்பதும் அந்தப் பிழைப்பதிவிலேயே இருக்கும்.