கையறிந்த ஈரம்

யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் புகையிலை வெட்டுத் தொடங்கினால் என் தந்தையாரின் கைகளிற் கறையேறிவிடும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது. வெட்டிய புகையிலையை வாடவிட்டு, குடிலில் வரிசையாகத் தூக்கி, தென்னம்பொச்சு மூட்டிப் புகைபோடுவார். பின்னர் அடுக்கிப் பாடம் பண்ணுவார். அடுக்கினுள் வெப்பம் ஏறும். காலத்தில் பிரித்து மாற்றியடுக்காவிடின் இலை பழுதாகும்.

பதம் அறிய அவரிடம் கருவி இருக்கவில்லை. விடியற்புறம் ஓர் இலையை உள்ளங்கையில் மடித்துப் பார்ப்பார். நொறுங்கினால் காய்ச்சல் மிஞ்சிவிட்டது; பிசுபிசுத்தால் பூஞ்சணம் பிடிக்கும்; மடிந்து மீண்டும் விரிந்தால் பதம். காற்றின் சாரீரப்பதனை நூற்றுவீதத்திற் காட்டும் ஈரமானியைப் பின்னாளில் மாணவருக்கு விளக்கியபோது, அந்தக் கையே என் நினைவுக்கு வந்தது.

ஒருகாலத்தில் யாழ்ப்பாணப் புகையிலை கடல்கடந்து திருவிதாங்கூர்ச் சந்தைக்குச் சென்றது. விலையை வியாபாரி சொன்னான். பதமறிந்த கை வாங்கிக்கொண்டது. எங்கள் தோட்டத்திற் கூலிக்கு நின்றவர்களுக்கு அதிலும் ஒரு சிறுதுண்டே கிடைத்தது. ஈர இலையின் நிக்கொற்றின் தோல்வழியே உடலில் ஏறும் என்பதை நாம் அறிந்திலோம். அவர்களுக்கு வந்த தலைச்சுற்றையும் வாந்தியையும் வெயிலின் மேற் பழிபோட்டோம்.

புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய உலக சமவாயத்தை இலங்கை 2003இல் ஏற்புறுதி செய்தது. பயிர்செய்வோருக்கும் தொழிலாளருக்கும் கட்டுபடியாகும் மாற்றுத் தொழிலை ஊக்குவிக்குமாறு அதன் 17ஆம் உறுப்புரை கூறுகிறது. புகையிலை ஒழிந்தால் நான் வருந்தேன். ஆனால் அவ்வுறுப்புரையை மறந்துவிட்டு ஒழிப்பைப் பேசுவோர், நோயை மட்டுமன்றி அந்தக் கைகளின் சோற்றையும் சேர்த்தே ஒழிக்கின்றனர்.