காற்றும் எறும்பும்

நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் வேண்டாம் என்று கையெழுத்துச் சேர்க்க வந்த ஒருவரை நான் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். 2005 ஆம் ஆண்டு அது. கல்பிட்டிக் கரையில் வலை இழுத்துப் பிழைக்கும் கத்தோலிக்கர் அவர். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். அந்த உரிமையில்தான் படியேறி வந்தார்.

"மாஸ்டர், ஒரு கையெழுத்துத்தானே. கடல் போனா எங்களுக்கு வேற என்ன இருக்கு?"

"நாட்டுக்குக் கரண்ட் வேணுமே அண்ணன். எல்லாரும் வேணாமெண்டா எங்க கொண்டுபோய்க் கட்டுறது?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. கடதாசியை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அன்றைக்கு என் மனச்சாட்சி உறுத்தவில்லை. அது உறுத்துவதற்கு இருபது வருடங்கள் எடுத்தன.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியிலிருந்து துரத்தப்பட்டு, வள்ளத்தில் கல்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவர்கள் நாங்கள். வடமாகாணத்திலிருந்து புலிகள் வெளியேற்றிய எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோருக்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமாயிற்று. ஆலங்குடாவில் எங்களுக்கு ஒரு கிடுகுக் கொட்டில் கிடைத்தது. அதற்குள் ஜாம் போத்தலில் திரி போட்ட மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று. மஃரிபுக்குப் பிறகு உம்மா ஓதுவதும் அதில்தான், பிள்ளைகள் படிப்பதும் அதில்தான், சோறு வடிப்பதும் அதில்தான். காற்றடித்தால் அணைந்துவிடும். அணையாவிட்டால் கிடுகில் பற்றிவிடுமோ என்று பயம். காலையில் பிள்ளைகளின் மூக்குத் துவாரம் கறுத்திருக்கும். அந்த வருடங்களில் எங்களுக்கு மின்சாரம் ஒரு வசதியாகப் படவில்லை. திரும்ப மனிதராவது என்று பட்டது.

ஆசிரியன் என்ற வகையில் எனக்கு இன்னொரு கதையும் மனப்பாடம். விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918 இல், நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று ஓர் ஆய்வுரையை இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் சமர்ப்பித்தார். அவருடைய கனவான லக்சபான மின் நிலையம் 1950 இல்தான் இயங்கத் தொடங்கியது. 1953 இல் அவர் காலமானார். வகுப்பில் இதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும். மலையில் விழுந்து வீணாகும் தண்ணீர், அதை வெளிச்சமாகக் கண்ட ஒரு மனிதர், அவரை நம்பாத ஆட்சியாளர்கள், கடைசியில் வெற்றி. நல்ல கதை. ஆனால் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் குடியிருந்த எவரும் அதில் வருவதில்லை. பின்னாளில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போயிற்று. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அங்கிருந்த வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் தலைகாட்டும். பத்திரிகைகள் அதைப் படம் பிடித்துப் போடும். நாங்கள் அதை ஒரு வேடிக்கையாகப் பார்ப்போம். லக்சபானக் கதையோடு சேர்த்துப் படிப்பிக்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஒவ்வொரு முறை எரிபொருள் மாறும்போதும் ஒரு கதைதான் முதலில் வருகிறது. பொறிகள் பிறகுதான் வருகின்றன. நுரைச்சோலைக்கு 2006 இல் அடிக்கல் நாட்டினார்கள். 2011 இல் முதல் இயந்திரமும் 2014 இல் மற்ற இரண்டும் சேர, 900 மெகாவோட் ஆயிற்று. அதற்கு லக்விஜய என்று பெயர் வைத்தார்கள், இலங்கையின் வெற்றி. வெற்றி என்றால் தோற்றவர் ஒருவர் இருக்க வேண்டும். யார் தோற்றார் என்று விழா மேடையில் எவரும் சொல்லவில்லை. நிலக்கரித் தூளையும் சாம்பலையும் பற்றி அந்தக் கரையோர விவசாயிகளும் மீனவர்களும் முறையிடும் செய்திகளைப் பிறகு பத்திரிகைகளில் வாசித்தேன். வாசிக்கும்போதெல்லாம் நான்காக மடித்த ஒரு கடதாசி நினைவுக்கு வரும். பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

கடலோடு வாழ்ந்தவனுக்கு நுரைச்சோலையின் இன்னொரு விஷயமும் விளங்கும். நிலக்கரிக் கப்பல் கரைக்கு வருவதில்லை. ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பாதைகளில் ஏற்றித்தான் கரி கரைக்கு வர வேண்டும். சோளகம் கிளம்பிவிட்டால் கடல் கொந்தளிக்கும், இறக்க முடியாது. ஆகவே சோளகத்துக்கு முன்பே மாதக்கணக்குக்கான கரியைக் குவித்து வைக்கிறார்கள். கரியை மறிக்கும் அதே சோளகந்தான் மன்னாரில் காற்றாடியைச் சுழற்றுகிறது. நிலக்கரி வர முடியாத மாதங்களில் காற்று தானாக வருகிறது. அல்லாஹ்வின் ஏற்பாட்டைப் பாருங்கள் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாடிகள் திறந்து வைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 3.45 மெகாவோட், மொத்தம் 103.5. அதன் பெயர் தம்பபவனி. கேட்டதும் விஜயன் வந்திறங்கியதாக மகாவம்சம் சொல்லும் தம்பபண்ணி நினைவுக்கு வருகிறது. கரிக்கும் காற்றுக்கும் பெயர் ஒரே திசையிலிருந்துதான் வந்திருக்கிறது. மன்னாரில் அந்தக் காற்றுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. சோளகம் என்றோம், வாடை என்றோம். சோளகத்தில் பாய் விரித்து வந்து வாடையில் திரும்பிப் போன அறபு வணிகர்களைப் பற்றி நாங்களும் ஒரு கதை வைத்திருக்கிறோம். தீவில் நிற்கும் பெருக்க மரங்களை அவர்கள்தான் கொண்டுவந்து நட்டார்கள் என்று சொல்லிக்கொள்வோம். ஆகக் காற்றுக்குக் கதை கட்டுவதில் எவரும் குறைந்தவர்களல்ல.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். ஒரு கிழமையாக நாங்கள் குரங்கைப் பற்றியே கதைத்துச் சிரித்தோம். குரங்கு பாய்ந்தது உண்மையாகவே இருக்கட்டும். விடுமுறை நாள், பாவனை குறைவு, கூரைகளிலெல்லாம் சோலர், பாரமாகச் சுழன்று கட்டமைப்பைத் தாங்கும் பெரிய இயந்திரங்கள் குறைவு. அந்த வேளையில் ஒரு சிறு அதிர்ச்சியைக்கூடத் தாங்க முடியவில்லை என்று பொறியியலாளர்கள் விளக்கினார்கள். என் கூரையிலும் சோலர் இருக்கிறது. சூரியனும் காற்றும் இலவசம் என்றுதான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். அவற்றைத் தாங்கும் கம்பிக்கும் சேமிப்புக்கும் நிலத்துக்கும் யாரோ விலை கொடுக்க வேண்டும் என்பதைக் கதை சொல்லவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு ஊருக்குத் திரும்பியவர்களில் என் தங்கச்சியும் ஒருத்தி. 2025 இல் மேலும் காற்றாடிகள் வரப் போகின்றன என்றதும் மன்னார் மக்கள் வீதிக்கு வந்தார்கள். ஓகஸ்டில் அரசாங்கம் வேலையை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. செப்டம்பர் இறுதியில், உதிரிப்பாகங்களைக் கொண்டுவந்த இரவில், பொலிஸாருக்கும் மக்களுக்கும் மோதல் ஏற்பட்டது. தங்கச்சி போன் எடுத்தாள்.

"நானா, வளவுக்குள்ள நிண்ட மழைத்தண்ணி வடியுதில்ல. இன்னும் பாதை போட்டா என்ன ஆகும்? நீங்க எழுதத் தெரிஞ்சவங்க. ஒரு மனு எழுதித் தாங்க."

"நாட்டுக்குக் கரண்ட் வேணுமே தங்கச்சி" என்று வாய் வரை வந்துவிட்டது. இருபது வருடத்துக்கு முந்திய என் குரல் எனக்கே கேட்டது. பஸ் ஏறி ஊருக்குப் போனேன்.

அன்றிரவு உம்மம்மா சொல்லித் தந்த சுலைமான் நபியின் கதையை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். காற்று அவருக்கு வசப்பட்டிருந்தது. ஒரு மாதப் பயணத்தை ஒரு காலைப் பொழுதில் முடிப்பாராம். காற்றாடி திறந்த நாட்களில் நான் இதைத்தான் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னேன். உம்மம்மா அத்தோடு நிறுத்தமாட்டா. சுலைமான் நபியின் படை எறும்புகளின் பள்ளத்தாக்குக்கு வருகிறது. மிதிபடாமல் புற்றுக்குள் போய்விடுங்கள் என்று ஓர் எறும்பு மற்றவற்றை எச்சரிக்கிறது. அவர்கள் வேண்டுமென்று மிதிக்கமாட்டார்கள், தெரியாமல் மிதித்துவிடுவார்கள் என்பதுதான் எறும்பின் பயம். காற்றையே வசப்படுத்தியவருக்கு அந்தச் சின்னக் குரல் கேட்டது. புன்னகைத்தார், இறைவனுக்கு நன்றி சொன்னார். அந்த அத்தியாயத்துக்குக் குர்ஆனில் சூறதுந் நம்ல் என்று பெயர், எறும்பு. காற்றை நான் எடுத்துக்கொண்டு எறும்பை விட்டுவிட்டேன்.

மனுவில் காற்றாடியே வேண்டாம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 2030 இல் மின்சாரத்தின் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவது நாட்டின் இலக்கு. கரிக்குப் பக்கத்தில் இத்தனை வருடம் இருந்தவன் அதை வேண்டாம் என்பது எப்படி? எங்கே நடுவது, வெள்ளம் எந்த வழியால் வடிவது, வலசை வரும் பறவைகள் எங்கே இறங்குவது என்று முடிவெடுக்கும் முன் ஊரை இருத்திக் கேளுங்கள், கேட்டதை எழுத்தில் தாருங்கள் என்று எழுதினேன். சிலருக்கு அது போதவில்லை. தீவுக்குள் இன்னொன்றுகூட வேண்டாம் என்றார்கள். அவர்களிடம் நான் வாதாடவில்லை. நான் பேச வேண்டிய காலத்தில் பேசாதவன்.

கையெழுத்துச் சேர்த்த இளைஞன் என் அடையாள அட்டையைப் பார்த்தான். "சேர், நீங்க இப்ப புத்தளந்தானே?" என்றான். அவன் தவறாகக் கேட்கவில்லை. 1990 க்குப் பிறகு பிறந்த பிள்ளை. கொஞ்சம் தயங்கி, விலாசத்துக்கு இரண்டு ஊரையும் எழுதினேன்.

கல்பிட்டிக்குத் திரும்பிய மறுநாள், அந்தக் கடற்றொழிலாளியின் வீட்டைத் தேடிப் போனேன். அவர் திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை என்றார். நான் யாரென்று சொன்னேன். வந்த காரியத்தையும் சொன்னேன். சற்று நேரம் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடதாசி எங்கேயோ போயிற்று மாஸ்டர்" என்றார். பிறகு உள்ளே திரும்பி, தேத்தண்ணி போடச் சொன்னார்.